குதிக்கால் வைத்த எழுத்து

எனக்கு வாசிக்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் கோபம் வரும். தெரியும். ஆனால் எல்லா எழுத்தையும் அல்ல, ஒரு வகை எழுத்தை மட்டும். மேலிருந்து இறங்குகிற கோடு தடிப்பாக இருக்க வேண்டும், படுத்திருக்கிற கோடு மெல்லிதாக இருக்க வேண்டும். கோடு முடிகிற இடத்தில் சும்மா அறுந்துபோகாமல் ஒரு சின்னக் குதிக்கால் வைத்து நிற்க வேண்டும். அப்படியான எழுத்து என்றால் மெல்ல மெல்ல, வரி தவறாமல், பக்கம் முழுவதும் வாசிப்பேன். மற்ற எழுத்தெல்லாம் எனக்குக் கம்பியை வளைத்துப் போட்ட மாதிரித்தான்.

நான் எழுத்துப் படித்தது ஒரேயொரு புத்தகத்தில், அதனால்தான் இப்படி. அது பள்ளிக்கூடப் புத்தகமும் இல்லை. என் மாமியாரின் கல்வெட்டு.

எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்துப்போனால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு அன்றைக்கு ஒரு சின்னப் புத்தகம் அடித்து வந்தவர்களுக்குக் கொடுப்போம். போனவரின் படம், பிறந்த ஊர், வாழ்ந்த விதம், சாமி பாட்டுகள் எல்லாம் அதில் இருக்கும். கல்லில் வெட்டாவிட்டாலும் அதற்குப் பெயர் கல்வெட்டு. குரல் வளமுள்ள ஒருவர் சபையில் எழுந்து நின்று அதை வாசிப்பார். பிறகு அது வீடுவீடாகப் போய்ச் சாமித் தட்டில் கிடக்கும்.

நான் பிறந்தது முள்ளியவளையில். இரண்டாம் வகுப்போடு மறித்துவிட்டார்கள், வீட்டில் கைக்குழந்தைகள் இருந்தார்கள். கலியாணம் முடித்துக் கிளிநொச்சிப் பக்கம் குடியேற்றத்துக்கு வந்தேன். என் புருஷனுடைய ஆட்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டிக் கழனி ஆக்கியவர்கள். நான் வரும்போது மாமியார் இல்லை. படத்தையும் கல்வெட்டையும்தான் கண்டேன். அந்த வீட்டில் இருந்த அச்சடித்த புத்தகமும் அது ஒன்றுதான்.

ஈய எழுத்துக் கோத்து அடித்தது அது. தாளின் பின்பக்கத்தைத் தடவினால் எழுத்து விரலில் தட்டுப்படும்.

நெல் பால் பிடிக்கிற காலத்தில் நானும் இவரும் வயல் கொட்டிலில் குருவிக் காவல். கிளிதான் பெரிய கரைச்சல், கூட்டமாக வந்து விழும். அவர் சட்டைக்குள் அந்தக் கல்வெட்டைச் செருகிக்கொண்டு வருவார். எங்களுக்குள் ஓர் ஒழுங்கு இருந்தது. அவர் வாசித்தால் நான் தகரம் தட்டுவது. நான் வாசித்தால் அவர் எழுந்து நின்று "ஹோ" என்று கத்துவது. அவருடைய "ஹோ" அடுத்த வாய்க்காலுக்கும் கேட்கும்.

ஒரு வைக்கோல் தும்பை எடுத்து வரிக்குக் கீழே பிடிப்பார்.

"இஞ்சாரும், உந்த எழுத்தைப் பாரும். நிலத்திலை குதிக்கால் ஊண்டி நிக்குது. விழாது."

"எழுத்து விழுமோ?"

"வாசிக்கிற ஆளின்ரை கண்ணிலையிருந்து விழும். எல்லாம் ஒரே தடிப்பெண்டா வரம்பில்லாத வயலிலை நடக்கிற மாதிரி. எங்கை கால் வைக்கிறதெண்டு தெரியாது. இது தடிப்பு, மெல்லிசு, தடிப்பு, மெல்லிசு. கண் தன்பாட்டிலை நடக்கும்."

அவர் படித்தவர் இல்லை. ஐந்தாம் வகுப்பு. அந்த ஒரு புத்தகத்தையே பார்த்துப் பார்த்து அப்படிச் சொல்லப் பழகிக்கொண்டார். நானும் பார்த்தேன். அவர் சொன்னது சரி. ஒவ்வொரு எழுத்தும் நின்ற இடத்திலிருந்து அடுத்த எழுத்துக்குக் கை நீட்டுவது போல இருக்கும். வரி முடிந்து அடுத்த வரிக்கு வந்தாலும் இடம் தப்பாது. அப்போது லை, னை எல்லாம் முன்னால் துதிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அவற்றைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும்.

மாமியாரைப் பற்றி எழுதியிருந்த பக்கம் முழுவதையும் ஒருநாள் நான் நிற்காமல் வாசித்தேன். கேட்டுக்கொண்டிருந்தவர் கிளி கலைக்க மறந்துவிட்டார்.

"நல்லாயிருக்கு. நான் செத்தா என்ரை கல்வெட்டையும் நீர்தான் வாசிக்கோணும்."

"வாயைக் கழுவுங்கோ."

"சபைக்கு நடுவிலை நிண்டு வாசிக்கோணும். அதிலை என்ரை பேரும் வரும் கண்டீரோ. என்ன செய்வீர்?"

நாங்கள் புருஷன் பெயரைச் சொல்லாத ஆட்கள். அவர் என்னைச் சீண்டுவதற்காகத்தான் கேட்டார்.

"அந்த இடத்திலை இருமுவன்" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில், வயலில் விழுந்திருந்த கிளியெல்லாம் எழும்பிப் பறந்தது.

பிறகு இடம்பெயர்வு வந்தது. எத்தனையோ போயிற்று, அதில் அந்தப் புத்தகமும் போயிற்று. எந்த ஊரில், எந்தக் கூடாரத்தில் என்று தெரியாது. மற்றவற்றைப் பற்றி நான் இங்கே சொல்ல வரவில்லை.

திரும்பி வந்தபோது எழுத்தெல்லாம் மாறிவிட்டிருந்தது. ஆஸ்பத்திரிப் பலகை, கடைப் பலகை, பஸ் நெற்றி, எல்லாவற்றிலும் ஒரே தடிப்புக் கோடு, காலும் இல்லை குதியும் இல்லை. நான் அதைக் குற்றம் சொல்லமாட்டேன். ஓடி வருகிற பஸ்சுக்கு அதுதான் சரி. மெல்லிய கோடு வைத்தால் வெயிலில் மறைந்துபோகும், வாசிக்கிறதுக்குள் பஸ் போய்விடும். எனக்கென்ன, புளியங்குளம் நீட்டுச் சொல், ஓமந்தை கட்டைச் சொல். நீளத்தைப் பார்த்துக் கை காட்டுவேன். ஒருநாளும் பிழையாக ஏறியதில்லை. பக்கத்தில் நிற்கிறவரிடம் இது எந்த பஸ் என்று கேட்டதும் இல்லை.

போனில் வருகிற எழுத்துத்தான் என்னால் ஏலாது. யார் என்ன அனுப்பினாலும் இவர் கதிரையை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "இது உம்மடை எழுத்தில்லை, தாரும்" என்று வாங்கி வாசிப்பார். தெரியாது என்று ஒருநாளும் சொன்னதில்லை. உம்மடை எழுத்தில்லை. அவ்வளவுதான். வெளிநாட்டில் சொந்தக்காரருக்குப் பிறந்த பிள்ளையின் செய்தி, பக்கத்துக் கோயில் திருவிழா, மழை எச்சரிக்கை, எல்லாம் எனக்கு அவர் குரலில்தான் வந்தது.

போன மார்கழியில் அவர் போய்விட்டார். கதிர் தலை சாய்க்கத் தொடங்கிய நேரம். அதற்குப் பிறகு போன் கிணுகிணுக்கும், நான் எடுத்துப் பார்ப்பேன், கம்பிகள் கிடக்கும். திருப்பி வைத்துவிடுவேன்.

அந்தியேட்டிக்குக் கிட்டவாக மகள் கல்வெட்டு வேலையைத் தொடங்கினாள். எழுதியதும் அவள்தான். ஒருநாள் பின்னேரம் அச்சகத்திலிருந்து மாதிரி கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். மினுங்குகிற தாள். கத்தரிப்பூ நிறத்தில் பின்னணி, அதில் மங்கலாக ஒரு குத்துவிளக்கு, அதற்கு மேலே வெள்ளையில் மெல்லிய எழுத்து. எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து, காற்றில் பிடித்த நூல் மாதிரி.

நான் சரித்தும் பார்த்தேன், வெளிச்சத்துக்குப் பிடித்தும் பார்த்தேன்.

"வடிவா இருக்கெல்லோ அம்மா?"

"வடிவுதான். கலியாண அழைப்பிதழுக்கு நல்லா இருக்கும்."

"இப்ப எல்லாரும் உப்பிடித்தான் அடிக்கினம்."

"இதிலை என்ன எழுதியிருக்கு?"

"வாசிச்சுக் காட்டுறன், தாங்கோ."

"நீ வாசிக்க வேண்டாம். நான் வாசிக்கிற எழுத்திலை அடி."

அவள் என்னைப் பார்த்தாள். "வாத்தியார்தானே அம்மா வாசிக்கப் போறார்?"

"இல்லை. நான்."

வாத்தியார் என்பது இவருக்கு ஒன்றுவிட்ட தமையன், பள்ளிக்கூடத்தில் படிப்பித்து இளைப்பாறியவர். எங்கள் பக்கத்துக் கல்வெட்டெல்லாம் அவர் வாசித்ததுதான். பாட்டு இடங்களை இராகத்தோடு இழுப்பார், சனம் அழும். மகள் போய் அவரிடம் சொல்லியிருக்கிறாள். அடுத்த நாளே சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்.

"என்ன தங்கச்சி, என்ரை வேலைக்கு ஆள் வந்திட்டுதாம்?"

"பாட்டை நீங்கள் படியுங்கோ. அவரைப் பற்றி எழுதின பக்கத்தை நான் வாசிக்கிறன்."

"சபையிலை வாசிப்புத் தட்டுப்பட்டு நிண்டா வடிவில்லைப் பிள்ளை. பிறகு பேரும் வரும்."

"தெரியும்."

அவர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "சரி, நான் பக்கத்திலை நிக்கிறன்" என்று போனார். நல்ல மனுஷன். ஆனாலும் அந்தப் "பக்கத்திலை நிக்கிறன்" எனக்குப் பிடிக்கவில்லை.

நானே அச்சகத்துக்குப் போக வேண்டும் என்றேன். மகளுக்கு அலுப்பு, நாட்கள் இல்லை, அடிக்கக் கொடுக்க வேண்டும். ஓட்டோ பிடித்துக் கிளிநொச்சிக்குப் போனோம். அங்கே ஒரு பெட்டைப்பிள்ளை கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தாள். முழு நாளும் எழுத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் சிவந்து போயிருந்தது.

"என்ன மாதிரி எழுத்து அம்மா?"

"குதிக்கால் வைச்ச எழுத்து."

அவள் மகளைப் பார்த்தாள். மகள் நிலத்தைப் பார்த்தாள்.

நான் மேசையில் விரலால் கீறிக் காட்டினேன். இது தடிப்பு, இது மெல்லிசு, இந்த முடிவில் இப்படி ஒரு மிதி. பழைய புத்தகம் ஏதும் வைத்திருக்கிறீர்களோ, பார்த்துச் செய்யலாம் என்று கேட்டாள். இல்லை என்றேன். அது என் கண்ணுக்குள் மட்டும்தான் இருந்தது.

"சரி, பேரைச் சொல்லுங்கோ. ஒவ்வொரு எழுத்து வகையிலையும் போட்டுக் காட்டுறன். உங்கடை ஆள் வரேக்கை சொல்லுங்கோ."

பெயரை மகள் சொன்னாள். பெட்டை தட்டினாள். இவருடைய பெயர் பெரிதாகக் கொம்பியூட்டர்க் கண்ணாடியில் வந்து நின்றது.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது? அவர் பெயர் உடுப்பு மாற்றி மாற்றி வந்தது. ஒன்றில் கொழுத்து, கரிக்கட்டை மாதிரி. "இது கட்டித் தொங்கவிடுற பனருக்கு, செத்தவீட்டு நோட்டீசுக்கு. ரோட்டிலை போற ஆள் பாக்கோணுமெண்டா இது." ஒன்றில் உருண்டு திரண்டு, சின்னப்பிள்ளையின் கன்னம் மாதிரி. "இது பிறந்தநாளுக்கு." ஒன்று சுருள் சுருளாக. "இது கலியாண வீடு." ஒன்று கம்பி. "இது போனிலை வாற மாதிரி. சின்னனா வந்தாலும் உடையாது." அவளும் தன் எழுத்துகளை இன்னது இன்னதுக்கென்று பிரித்துத்தான் வைத்திருந்தாள். எதையும் கெட்டது என்று சொல்லவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால் ஒன்றிலும் அவர் இல்லை. வேறு யாரோ ஆட்களின் பெயர் மாதிரி இருந்தது.

"அம்மா, உதுக்குள்ளை ஒண்டை எடுங்கோவன்" என்றாள் மகள். "ஆர் இருந்து வாசிக்கினம்? படத்தைப் பாத்திட்டு வைச்சிடுவினம்."

"வைக்கிறவை வைக்கட்டும்."

பெட்டை களைக்கவில்லை. கீழே கீழே இறங்கிக்கொண்டு போனாள். "இது ஒண்டு கிடக்கு. ஒருத்தரும் கேக்கிறேல்லை. புத்தகம் அடிக்கிற ஆக்கள்தான் எப்பவாவது..." என்று தட்டினாள்.

கொட்டில் நினைவு முதலில் வந்தது, எழுத்துப் பிறகுதான் தெரிந்தது. அந்த வெயில், அந்த வைக்கோல் மணம். பெயரின் முதல் எழுத்து தடித்த காலை ஊன்றி நின்றது, மெல்லிய கையை அடுத்ததுக்கு நீட்டியது. கடைசி எழுத்துக்குக் கீழே அந்த மிதி. நான் வாய்க்குள் வாசித்தேன். வாசிக்கவே வேண்டாம் போல, அது தானாக வந்தது.

"இதுதான்."

முழுக்க அதே எழுத்து இல்லை. கொஞ்சம் மெலிந்திருந்தது. துதிக்கை வைத்த லை கேட்டேன். "அது இப்ப இதிலை இல்லை அம்மா, லைக்கு முன்னாலை கொம்பு தனியாத்தான் நிக்கும்" என்றாள். பரவாயில்லை என்றேன். இத்தனை வருசத்தில் நானும்தான் மாறிவிட்டேன்.

பிறகு வேறொரு சிக்கல் வந்தது. அந்த எழுத்தைக் கத்தரிப்பூ நிறத்துக்கு மேலே வெள்ளையில் போட்டு அடித்துப் பார்த்தபோது மெல்லிய கோடெல்லாம் மை குடித்துக் காணாமல் போய், தடித்த கால்கள் மட்டும் வேலிக் கதியால் மாதிரி நின்றன. பெட்டை பின்னணியை எடுத்தாள், விளக்கை எடுத்தாள். வெறும் தாளில் கறுப்பு. மினுங்கல் தாளும் வேண்டாம், கொஞ்சம் மங்கல் தாள் போடுவோம், அப்போதுதான் வெளிச்சம் அடிக்காது என்று அவளாகவே சொன்னாள். எழுத்தையும் பெரிதாக்கினாள். வரிக்கும் வரிக்கும் நடுவில் இடம் விட்டாள். மகள் ஆசைப்பட்ட நிறமெல்லாம் போயிற்று. பாவம், அவள் முகம் வாடிவிட்டது. தகப்பனுக்குத் திறமாகச் செய்ய வேண்டும் என்று நினைத்த பிள்ளை.

ஒரு தாள் அடித்துத் தந்தாள். அங்கேயே கதிரையில் இருந்து வாசிக்கத் தொடங்கினேன். பிறந்த ஊர் வந்தது. காடு வெட்டியது வந்தது. பிறகு ஒரு வரியில் நின்றுவிட்டேன்.

"என்னம்மா, விளங்கேல்லையோ?" என்றாள் மகள்.

"நல்லா விளங்குது. 'வாய்க்கால் தண்ணீருக்காக ஒருநாளும் எவரோடும் முரண்படாதவர்.' ஆர் பிள்ளை இது? வேறை ஆரின்ரையும் கல்வெட்டோ?"

பெட்டை வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மா, அப்பிடித்தானே எழுதிறது..."

"உன்ரை கொப்பர் தண்ணிக்குச் சண்டை பிடிக்காத போகம் இருக்கோ? மண்வெட்டியோடை வரம்பிலை நிண்டவர். பிறகு அதே ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து, 'இஞ்சாரும், தேத்தண்ணி' எண்டுவார். அதை எழுது."

மகள் முதலில் முறைத்தாள். பிறகு சிரித்தாள். பிறகு அழுதாள். செத்தவீட்டுக்குப் பிறகு அவள் அழுது நான் கண்டது அன்றைக்குத்தான். பெட்டை அந்த வரியை அழித்துவிட்டு, நான் சொல்லச் சொல்லத் தட்டினாள்.

புத்தகம் வந்த நாளிலிருந்து நான் வாசித்துப் பழகினேன், குசினிக்குள் இருந்து, கதவைச் சாத்திக்கொண்டு. எல்லா வரியும் வந்தது. பெயர் வருகிற இடத்தில் மட்டும் வாய்க்குள் ஓட்டிவிட்டுப் போவேன். அன்றைக்குப் பார்ப்போம் என்று விட்டுவிட்டேன்.

அந்தியேட்டி அன்றைக்கு முற்றத்துப் பந்தல் நிறையச் சனம். ஐயர் கிரியைகளை முடித்துப் போனார். வாத்தியார் எழும்பிச் சாமி பாட்டுகளைப் படித்தார், அவருடைய இராகத்தில் குறையே இல்லை. பிறகு, "இனி அவரின்ரை மனுசி வாசிப்பா" என்றார். சனம் திரும்பிப் பார்த்தது. நான் எழுந்து நின்றேன். கையில் ஒரு வைக்கோல் தும்பு வைத்திருந்தேன். யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

தலைப்பே அவர் பெயர்தான்.

இந்த இடம்தான் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் நின்றுவிட்டேன். எழுத்துத் தெளிவாக இருந்தது. தடிப்பு, மெல்லிசு, குதிக்கால். எல்லாம் அவர் காட்டித் தந்தபடியே நின்றது. வாய்தான் திறக்கவில்லை. பந்தலில் ஒரு குழந்தை சிணுங்கியது. வாத்தியார் மெல்லக் குனிந்து, "பேரை நான் சொல்லட்டோ தங்கச்சி?" என்றார். எழுத்தைக் காட்ட விரலையும் கொண்டுவந்தார்.

நான் புத்தகத்தை இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டேன். "பொறுங்கோ வாத்தியார். தெரியுது."

ஒருமுறை இருமினேன். அவருக்குச் சொன்ன வாக்கு. பிறகு பெயரைச் சொன்னேன். முதலெழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும், ஒவ்வொன்றிலும் கால் வைத்து. என் குரலில் அந்தப் பெயரை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நல்ல பெயர். இத்தனை காலம் மற்ற எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த பெயர்.

மிச்சம் தானாக வந்தது. மண்வெட்டி வரி வந்தபோது பின்னாலிருந்து ஒரு கிழவர், "ஓம் ஓம், என்னோடைதான்!" என்று கத்தினார். பந்தல் முழுவதும் சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார். எங்கள் பக்கத்தில் ஒரு கல்வெட்டு வாசிக்கும்போது சனம் சிரித்ததை நான் அதற்கு முன் காணவில்லை. கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட்டுத்தான் இருந்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு வாத்தியார் வந்து, "தட்டுப்படேல்லை" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கும் அது போதும். ஆனால் கேட்க வேண்டிய ஆள் ஒருவர் இருந்தார். வாசிச்சிட்டன், இருமியும் சொன்னனான் என்று அவரிடம் சொல்லத்தான் மனம் போய்ப் போய் வந்தது.

இப்போது அந்தப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. எனக்கென்று நான் வாசிக்கிற எழுத்தில் ஒரு புத்தகம். மற்றவர்களுக்கு அது சாமித் தட்டில் கிடக்கும். நான் பின்னேரங்களில் எடுத்துக்கொண்டு வளவுக் கரையில், வயல் தெரிகிற இடத்தில் போய் இருப்பேன். இந்தத் தாளின் பின்பக்கம் வழுவழுப்பு, எழுத்து விரலில் தட்டுப்படாது. ஆனாலும் தடவிப் பார்ப்பேன்.

அந்தியேட்டி முடிந்த கிழமையில் ஒருநாள் அப்படி இருந்து வாசித்துக்கொண்டிருந்தேன். நெல் இன்னும் வெட்டவில்லை. வாசிப்பில் பாதி வழி போயிருப்பேன், கிளிக் கூட்டம் ஒன்று கீச்சிட்டுக்கொண்டு வந்து கதிரில் இறங்கியது. நான் தலையை நிமிர்த்தவில்லை. நான் வாசித்தால் கலைப்பது அவர் வேலை. வைக்கோல் தும்பை அடுத்த வரிக்கு நகர்த்தினேன். அதற்கடுத்த வரிக்கும் நகர்த்தினேன். கிளிகள் தின்கிற சத்தம் கேட்டது.

இன்னும் கொஞ்ச நேரம் தின்னவிட்டேன். பிறகு தும்பைப் பக்கத்துக்குள் வைத்து மூடிவிட்டு, எழுந்து நின்று, "ஹோ" என்றேன்.